ஒரே ஓர் ஊரோடு நிற்கும் 'குன்': ஜப்பானில் ஊர்கள் இணைந்த கதையும் கணக்கும்

வரைபடப்பித்தன் (இழை தொடக்கம்)

கிஃபு மாகாண வரைபடத்தில் 'ஓனோ குன்' என்று ஒரு வட்டம் (நம்மூர்த் தாலுகா போல) இருக்கிறது. அதற்குள் இருப்பது ஒரே ஓர் ஊர், ஷிராகாவா கிராமம். செங்குத்தான புல் கூரை வீடுகளுக்காக 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அதே ஊர்தான். 1990-களில் அச்சான வரைபடத்தில் பார்த்தால் இதே ஓனோ குன்னில் எட்டு ஊர்கள் இருக்கின்றன. மற்ற ஏழும் இன்று பக்கத்துத் தகயாமா நகரத்துக்குள். தகயாமாவின் பரப்பு 2,177 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய டோக்கியோ மாநகரம் முழுவதற்கும் சமம். அதில் பத்தில் ஒன்பது பங்கு காடு.

கேட்க விரும்புவது மூன்று. இந்தக் குன் என்பது எந்த அளவுக்கு நிர்வாக அலகு? ஊர்கள் எந்தப் படிகளில் இணைந்தன, யார் கையெழுத்தில்? கடைசியாக, பழைய ஆவணத்தில் 'யோஷிகி குன், கமிதகாரா முரா, ஹிராயு' என்று ஒரு முகவரி இருந்தால் இன்று அதை எங்கே தேடுவது?

ஏட்டுக்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

குன் இன்று நிர்வாக அலகே அல்ல. அலுவலகம் கிடையாது, மன்றம் கிடையாது, வரவு செலவு கிடையாது. ஒரு காலத்தில் எல்லாம் இருந்தன. 1890-இல் வந்த சட்டம் குன்னுக்கு ஒரு மன்றத்தைக் கொடுத்தது. அது 1923-இல் கலைந்தது. குன் அலுவலகங்கள் 1926-இல் மூடப்பட்டன. அதற்குப் பிறகு அது முகவரியில் வரும் சொல், மாகாண மன்றத் தொகுதிகளை வரைய உதவும் கோடு, அவ்வளவுதான். தொகுதியும் குன் எல்லைப்படியேதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2013-இல் செய்த தேர்தல் சட்டத் திருத்தம் தளர்த்திவிட்டது.

ஊர்களில் மூன்று தரம்: ஷி என்றால் நகரம், மாச்சி அல்லது சோ என்றால் சிறுநகரம், முரா அல்லது சோன் என்றால் கிராமம். பின்னவை இரண்டும் மட்டுமே குன்னுக்குள் இருக்கும். ஓர் ஊர் ஷி ஆனாலும், ஷி ஒன்றில் சேர்ந்தாலும், அந்த நாளிலேயே தானாகக் குன்னை விட்டு வெளியேறிவிடும். ஆகவே குன் சுருங்கியதற்கும் ஆட்கள் ஊரை விட்டுப் போனதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கடைசி ஊரும் ஷி ஆனால் குன்னின் பெயரே மறையும். நீங்கள் சொல்லும் யோஷிகி குன் அப்படித்தான் 2005-இல் மறைந்தது.

நெல்வரப்பு

இணைப்பு ஒரு முறை நடந்ததல்ல, மூன்று அலைகள்.

1888-இன் முடிவில் நாட்டில் 71,314 ஊர்கள். 1889 ஏப்ரலில் புதிய நகர, கிராமச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 15,859. அன்று வைத்த அளவுகோல் 300 முதல் 500 வீடுகள். ஒரு தொடக்கப் பள்ளியை நடத்தவும், குடும்பப் பதிவேடு வைக்கவும், வரி தண்டவும் அத்தனை வீடு வேண்டும் என்று கணக்கிட்டார்கள். இரண்டாவது அலை 1953-இன் இணைப்பு ஊக்குவிப்புச் சட்டத்தோடு வந்தது. 9,868 ஊர்கள் 1961-இல் 3,472 ஆயின. அளவுகோல் சுமார் 8,000 மக்கள். போருக்குப் பின் கட்டாயமாக்கப்பட்ட நடுநிலைப் பள்ளி ஒன்றைத் தாங்க அது போதும் என்பது காரணம்.

மூன்றாவது, அப்போதைய பேரரசர் காலத்தின் பெயரால் வழங்கும் ஹெய்செய் அலை. 1999 மார்ச் கடைசியில் 3,232, 2010 மார்ச் கடைசியில் 1,727. முந்தைய இரண்டுக்கும் பள்ளி என்ற கண்ணுக்குத் தெரியும் பொருள் அளவுகோலாக இருந்தது. மூன்றாவதற்கு அப்படி ஒன்று இல்லை. 'ஊர்களின் எண்ணிக்கை ஆயிரமாக வேண்டும்' என்ற இலக்குதான் முன்னால் நின்றது. என் பார்வையில் பிற்காலச் சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுவே.

மாகாணத்துக்கு மாகாணம் வேகமும் வேறு. ஹிரோஷிமாவில் 86 ஊர்கள் 23 ஆயின. நாகசாகியில் 79 போய் 21. ஒசாகாவில் 44 ஊர்கள் 43 ஆனதோடு சரி. இன்று 13 மாகாணங்களில் முரா என்ற தரத்தில் ஓர் ஊர்கூட இல்லை.

ஏட்டுக்கணக்கு

இனி படிகள்.

தொடக்கம் பெரும்பாலும் சட்டத் தகுதி இல்லாத பேச்சுக் குழு. ஊர்த் தலைவர்களும் மன்றத் தலைவர்களும் உட்கார்ந்து யார் யாரோடு சேரலாம் என்று பார்ப்பார்கள். அடுத்து ஒவ்வொரு மன்றமும் தீர்மானம் போட்டு 'சட்டமுறை இணைப்புக் குழு' அமைக்க வேண்டும். மக்களே கேட்கவும் வழியுண்டு: வாக்காளரில் 50-இல் ஒரு பங்கு கையெழுத்து. மன்றம் மறுத்தால் 6-இல் ஒரு பங்கு கையெழுத்தோடு வாக்கெடுப்பு கேட்கலாம், இது 2002 திருத்தத்தில் வந்தது.

குழுவில் முதலில் முடிவு காண வேண்டியவை நான்கு: புதிதாக ஓர் ஊரை உருவாக்குவதா, பெரிய ஊரில் சேர்வதா, எந்த நாள், என்ன பெயர், தலைமை அலுவலகம் எங்கே. பெரும்பாலான குழுக்கள் உடைந்தது பெயரிலும் அலுவலக இடத்திலும்தான்.

பிறகு வரி, குடிநீர்க் கட்டணம், பேருந்து, குப்பை, பணியாளர் சம்பளம் என்று நூற்றுக்கணக்கான உருப்படிகள். கூடவே புதிய ஊருக்கான கட்டுமானத் திட்டம். அது முடிந்ததும் ஒப்பந்தக் கையெழுத்து, ஒவ்வொரு மன்றத்திலும் வாக்கு, ஆளுநரிடம் விண்ணப்பம், மாகாண மன்றத் தீர்மானம், ஆளுநர் முடிவு, உள்துறை அமைச்சர் அறிவிப்பு. அந்த அறிவிப்போடுதான் இணைப்பு செல்லுபடியாகும்.

கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம்: புதிய ஊர் உருவாகும் வகையில் பழைய ஊர்கள் எல்லாமே அந்த நாளில் சட்டப்படி இறந்துவிடுகின்றன. எல்லாத் தலைவர்களும் பதவி இழப்பார்கள். 50 நாளுக்குள் தேர்தல், அதுவரை ஒரு பொறுப்பாளர். கணக்கும் அன்றே மூடப்படும். வழக்கமாக மார்ச் 31-க்குப் பிறகு மே கடைசி வரை வரவு செலவைச் சரிக்கட்ட இரண்டு மாதம் உண்டு, இங்கே அது கிடையாது. கட்டாத பில்லும் வராத மானியமும் அப்படியே புதிய ஊரின் தலையில் ஏறும். பழைய ஊரின் கடைசி ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து 'பற்றாக்குறை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கூலிக்கடன்

பணக் கணக்கு இல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

சிறிய ஊர்களின் வருமானத்தில் பெரும் பகுதி நடுவண் அரசு தரும் கோஃபுசெய், அதாவது பங்கீட்டு நிதி. ஓர் ஊருக்கு இயல்பாக எவ்வளவு செலவாகும் என்று ஒரு சூத்திரம் கணக்கிடும். அதிலிருந்து ஊரின் சொந்த வரி வருமானத்தைக் கழித்து மீதியைத் தரும். சிறிய ஊருக்குத் தலைக்குச் செலவு கூடுதல் என்பதால் சூத்திரத்தில் ஒரு கூட்டல் இருக்கும். இரண்டு ஊர் சேர்ந்து ஒன்றானால் அந்தக் கூட்டல் குறையும். எனவே இணைவதே நட்டம். இதைத் தள்ளிப்போட, இணைந்த பின்னும் 10 ஆண்டுக்குத் தனித்தனி ஊர்களாகவே எண்ணி நிதி தரும் சலுகையை வைத்தார்கள். 11-ஆம் ஆண்டில் அந்தக் கூடுதலில் 90 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு 70, 50, 30, 10. 16-ஆம் ஆண்டு ஒன்றுமில்லை.

இன்னொன்று இணைப்புச் சிறப்புக் கடன். 100 கோடி யென்னுக்கு ஒரு மண்டபம் கட்டினால் 95 கோடி வரை கடன் எடுக்கலாம். திருப்பிக் கட்டுவதில் 70 விழுக்காட்டைப் பங்கீட்டு நிதிச் சூத்திரம் ஏற்கும். வட்டியை விட்டுப் பார்த்தால் 66.5 கோடி அரசுப் பக்கம், ஊருக்கு 5 கோடி ரொக்கமும் 28.5 கோடி கடனுமாக 33.5 கோடி. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு மண்டபம் கிடைக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

தவறு எங்கே என்றால், அந்த 70 விழுக்காடு தனிக் காசோலையாக வருவதில்லை. சூத்திரத்தில் ஒரு வரியாகச் சேரும். வேறு வரிகள் குறைந்தால் கைக்கு வரும் மொத்தம் குறையும், கடன் தவணை குறையாது. 2004 முதல் 2006 வரை நடந்த நிதிச் சீர்திருத்தத்தில் பங்கீட்டு நிதியும் அதற்கு ஈடான கடனும் சேர்த்துச் சுமார் 5 லட்சம் கோடி யென் வெட்டப்பட்டபோது இதுதான் நடந்தது. கட்டிய மண்டபத்துக்கு மின்சாரம், பழுதுபார்ப்பு, ஆள் சம்பளம் எதற்கும் கடன் சலுகை இல்லை.

கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு ஹ்யோகோ மாகாணத்தின் சசயாமா. 1999 ஏப்ரல் 1 அன்று தாகி குன்னின் நான்கு சிறுநகரங்களும் சேர்ந்து நகரமாயின. ஹெய்செய் அலையின் முதல் இணைப்பு, நாடெங்கிலுமிருந்து பார்வையிட ஆட்கள் வந்தார்கள். மக்கள்தொகை வளரும் என்ற கணிப்பில் சிறப்புக் கடனில் அடுத்தடுத்துக் கட்டினார்கள். மக்கள் கூடவில்லை. பத்தே ஆண்டுக்குள் ஆள் குறைப்பும் சம்பள வெட்டுமாக மீட்புத் திட்டம் போட வேண்டியதாயிற்று.

மலைப்பாதை

கூலிக்கடன் ஐயா சொன்னது சரி, ஆனால் பாதி. பணத்தாசையைவிடப் பயம்தான் பல ஊர்களைத் தள்ளியது.

சூத்திரத்தில் சிறிய ஊருக்கான கூட்டலை 1998-இலும் பிறகு 2002 முதலும் குறைத்தார்கள். 2002 நவம்பரில் அரசின் ஆலோசனைக் குழுவில் ஒரு முன்மொழிவு வந்தது: குறிப்பிட்ட மக்கள்தொகைக்குக் கீழுள்ள ஊர்களின் அதிகாரங்களைச் சுருக்கி, மீதி வேலையை மாகாணத்திடமோ பக்கத்து ஊரிடமோ கொடுக்கலாம் என்று. அது சட்டமாகவில்லை. ஆனால் '2005 மார்ச்சுக்குள் விண்ணப்பித்தால் சலுகை, இல்லாவிட்டால் என்ன ஆகுமோ' என்ற நிலையை உருவாக்கிவிட்டது. 2004 மார்ச் கடைசியில் 3,132 ஆக இருந்த எண்ணிக்கை இரண்டே ஆண்டில், 2006 மார்ச் கடைசியில், 1,821. இத்தனை அவசரத்தில் உருப்படி உருப்படியாகப் பேசி முடித்திருக்க முடியாது.

மறுத்த ஊர்களையும் பதிவு செய்ய வேண்டும். ஃபுகுஷிமாவின் யமட்சுரி 2001 அக்டோபர் 31 அன்று 'யாரோடும் இணைய மாட்டோம்' என்று மன்றத்தில் தீர்மானம் போட்டது. சும்மா வீறாப்பு அல்ல. மன்ற உறுப்பினர் எண்ணிக்கையை 18-இலிருந்து 10 ஆக்கினார்கள், 2008-இல் மாதச் சம்பளத்துக்குப் பதில் கூட்ட நாளுக்கு 30,000 யென் என்று மாற்றினார்கள். ஷிமானேயின் ஆமா தீவு 2003-இல் பேச்சிலிருந்து வெளியேறி, தலைவரும் பணியாளரும் சம்பளத்தை வெட்டிக்கொண்டு, மீனையும் சிப்பியையும் சுவை கெடாமல் உறைய வைக்கும் எந்திரத்தில் பணம் போட்டது. ஒகயாமாவின் நகி 2002-இல் வாக்கெடுப்பு நடத்தி மறுத்தது. 2019-இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.95 குழந்தை, அந்த ஆண்டு நாட்டுச் சராசரியைப் போல இரு மடங்குக்கு மேல்.

நாகானோவின் சகாயே கிராமம் எனக்கு மிகப் பிடித்தது. ஏழு மீட்டருக்கு மேல் பனி நின்ற ஊர். அரசு மானியத்தில் வயலைச் சமப்படுத்தப் பெரிய பாத்திகள் வேண்டும், மலைச்சரிவில் அது நடக்காது. அதனால் கிராமமே ஓட்டுநரையும் எந்திரத்தையும் அமர்த்தியது. உழவர் வரப்பில் நின்று 'இந்த மேட்டை அங்கே தள்ளு, வாய்க்காலை இப்படித் திருப்பு' என்று சொல்ல, அங்கேயே வேலை நடக்கும். வரைபடம் இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை. செலவில் பாதியைக் கிராமம் ஏற்கும். இப்படி ஒரு முடிவை அன்றன்றே எடுக்க, அதிகாரம் உள்ள ஆள் வயலிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில் இருக்க வேண்டும். இணைப்பில் போவது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

ஏட்டுக்கணக்கு

> நூற்றுக்கணக்கான உருப்படிகள்

என்று நான் எழுதியதை விரித்துக் கேட்டு ஒருவர் தனிமடல் அனுப்பினார். சிக்கல் வரும் சில இடங்கள் மட்டும்.

'சுமை குறைந்த ஊரின் அளவில், சேவை உயர்ந்த ஊரின் அளவில்' என்பது அன்று குழுக்களில் புழங்கிய வாக்குறுதி. குடிநீர் எங்கே மலிவோ அந்த விலை, குழந்தை மருத்துவ உதவி எங்கே அதிகமோ அந்த அளவு. கேட்க இனிக்கும், சலுகை தீரும் 16-ஆம் ஆண்டில் கணக்கு இடிக்கும். வரி விகிதத்தை மட்டும் இணைந்த ஆண்டும் அடுத்த 5 ஆண்டும் பகுதிக்குப் பகுதி வேறாக வைக்கச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. பொறுமையான ஊர்கள் அதைப் பயன்படுத்திப் படிப்படியாக உயர்த்தின.

கிராமப் பொதுக் காடு இன்னொன்று. தலைமுறைகளாக விறகு எடுத்த மலை, இணைந்த மறுநாள் முழு நகரத்தின் சொத்தாகிவிடும். அதைத் தவிர்க்க 'சொத்து வார்டு' என்ற சட்ட ஏற்பாடு இருக்கிறது. பழைய ஊரின் எல்லைக்குள் இருப்பவர்களுக்கே அந்தச் சொத்தின் பயன் சேரும்படி செய்யலாம். ஆனால் இணையும் முன்பே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், பின்னால் கேட்டால் பிந்திவிட்டது.

கிளை அலுவலகம் மூன்றாவது. முதலில் பழைய ஊர் அலுவலகத்தில் எல்லாத் துறையும் இருக்கும் 'முழுக் கிளை' என்று தொடங்குவார்கள். சில ஆண்டில் கட்டடப் பொறியாளரும் வேளாண் அலுவலரும் தலைமையிடம் போவார்கள். கடைசியில் சான்றிதழ் தரும் சன்னல் ஒன்று மிஞ்சும். கிளைகளின் செலவைச் சூத்திரத்தில் சேர்க்கத் தொடங்கியதே 2014-இல்தான்.

துறைமுகம்

கிளை அலுவலகம் பற்றிப் பேசினால் மியாகி கடற்கரையைப் பார்க்காமல் போக முடியாது.

2005 ஏப்ரல் 1 அன்று இஷினோமகி நகரத்தோடு ஆறு சிறுநகரங்கள் சேர்ந்தன. மோனோ குன் அன்றோடு மறைந்தது. ஒஷிகா குன்னில் ஒனகாவா மட்டும் நின்றது, நிலப்பக்கம் முழுக்க இஷினோமகி சூழ. 2011 மார்ச் 11 சுனாமி எல்லாவற்றையும் ஒன்றுபோல அடித்தது.

ஒனகாவாவில் ஊர்த் தலைவரும் மன்றமும் அதே ஊரில் இருந்தார்கள். ரயில் நிலையம், கடைத்தெரு, குடியிருப்பு மேடு எல்லாம் ஒரே திட்டத்துக்குள் வந்தன. 2015 மார்ச்சில் புதிய நிலையம் திறந்தது. மையப் பகுதியில் கடலை மறைக்கும் சுவர் வேண்டாம், நிலத்தை உயர்த்தி வீடுகளை மேட்டுக்குக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தார்கள். சேர்ந்த ஆறில் ஒன்றான ஓகாட்சுவோ இஷினோமகியின் ஒரு மூலை. மைத்தேய்ப்புக் கல்லுக்கும், டோக்கியோ நிலையக் கூரையில் வேய்ந்த கற்பலகைக்கும் பேர் பெற்ற ஊர். நகரின் முடிவுகள் பெரிய துறைமுகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது, கிளையில் திட்டம் போட ஆளும் குறைவு. வீடிழந்தவர்கள் உள்நாட்டுப் பகுதிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். சுமார் 4,300 பேர் இருந்த இடத்தில் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நெல்வரப்பு

துறைமுகம், ஒப்பீட்டில் இரண்டு எச்சரிக்கை சேர்க்கிறேன். ஒனகாவாவுக்கு அணுமின் நிலையத்தின் சொத்து வரி உண்டு. இணையாமல் நிற்க அதுவே தெம்பு கொடுத்தது, ஓகாட்சுவிடம் அது இல்லை. ஒனகாவாவிலும் 2010 கணக்கெடுப்பில் 10,051 பேர், 2015-இல் 6,334. மூன்றில் ஒருவருக்கு மேல் போய்விட்டார்கள். ஆக, இணையாதது ஊரைக் காப்பாற்றியது என்று சொல்வது மிகை. எதை எங்கே கட்டுவது என்று தாங்களே முடிவெடுக்க முடிந்தது என்பது சரி.

சுனாமி இல்லாத இடங்களுக்கு ஜப்பானிய வழக்கறிஞர் சங்கக் கூட்டமைப்பு 2019-இல் வெளியிட்ட ஒப்பீடு பயன்படும். 4,000-க்குக் குறைவான மக்கள் கொண்ட, இணைந்த ஊர் ஒன்றையும் அருகிலிருந்த இணையாத ஊர் ஒன்றையும் சோடியாக எடுத்தார்கள். 47 சோடிகளில் 43-இல் இணைந்த ஊரே வேகமாக ஆள் இழந்தது. அலுவலகம் போனால் அதில் வேலை பார்த்த இளங்குடும்பங்கள் போகும், பிறகு அவர்கள் சாமான் வாங்கிய கடை, பிறகு பள்ளி.

ஆனால் இணைந்த ஊர் எல்லாம் கைகட்டி நிற்கவில்லை. ஹிரோஷிமாவின் கவானே பகுதி 1972 வெள்ள காலத்திலிருந்தே தனக்கென ஓர் ஊர் மன்றம் வைத்திருந்தது. தகாதா குன்னின் ஆறு சிறுநகரங்களும் 2004-இல் அகிதகாதா நகரமான பின்னும் அது கலையவில்லை. கூட்டுறவுச் சங்கம் கைவிட்ட கடையையும் பெட்ரோல் பங்கையும் வீட்டுக்கு 1,000 யென் போட்டு ஊராரே எடுத்து நடத்தினார்கள். பெட்ரோல் பங்க் இல்லாத மலைக் கிராமத்தில் அறுவடை எந்திரமும் ஓடாது, குளிருக்கு மண்ணெண்ணெயும் கிடைக்காது.

மலைப்பாதை

பெயர்ச் சண்டைகளையும் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், சுருக்கமாக நானே.

ஃபுகுயியில் 2005-இல் மட்டும் எசிசென் நகரம், எசிசென் சிறுநகரம், தென் எசிசென் சிறுநகரம் என்று மூன்று பிறந்தன, மூன்றும் அக்கம்பக்கம். இவற்றின் பின்னிரண்டும், இமாதாதே குன்னில் தனியே நிற்கும் இகேதாவும் சேர்ந்து மூன்று குன்களில் குன்னுக்கு ஓர் ஊர். ஐச்சியில் மிஹாமாவும் மினாமிசிதாவும் விமான நிலையத்தின் பெயரை ஒட்டி 'மினாமி சென்ட்ரையர்' என்று வைக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பி, 2005 பிப்ரவரி வாக்கெடுப்பில் இணைப்பே விழுந்தது. சசயாமாவுக்கு வேறு வகை நட்டம். 2004-இல் பக்கத்து ஹிகாமி குன் 'தம்பா நகரம்' என்று பெயர் வைத்துக்கொண்டது. சசயாமாவின் 'தம்பா' கறுப்புச் சோயாவை அடுத்த ஊர்ப் பொருளாக வாங்குபவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். 2018 நவம்பரில் வாக்கெடுத்து, 2019 மே 1 முதல் 'தம்பா சசயாமா' ஆனார்கள்.

வரைபடப்பித்தன்

எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது: யோஷிகி குன் கமிதகாரா முரா ஹிராயு.

ஏட்டுக்கணக்கு

எழுதுகிறேன். கமிதகாரா 2005 பிப்ரவரி 1 அன்று தகயாமாவில் சேர்ந்தது. அந்தக் கிராமத்தின் முகவரிகள் இரண்டு பெயருக்குள் போயின: வெந்நீர் ஊற்றுப் பகுதி 'தகயாமா ஷி, ஒகுஹிடா ஒன்சென்கோ' என்றும், மற்றது 'தகயாமா ஷி, கமிதகாரா சோ' என்றும். ஹிராயு ஊற்றுப் பகுதி, ஆகவே 'தகயாமா ஷி, ஒகுஹிடா ஒன்சென்கோ, ஹிராயு'.

பொது விதி: குன்னையும் முராவையும் விட்டுவிட்டு அதற்கடுத்த சிற்றூர்ப் பெயரைப் பிடியுங்கள். ஹெய்செய் இணைப்பில் பெரும்பாலும் அது உயிரோடு இருக்கும், பழைய கிராமத்தின் பெயரும் 'சோ' என்ற ஒட்டோடு நடுவில் நிற்கும். குஜோ குன்னின் ஏழு ஊர்கள் 2004-இல் குஜோ நகரமானபோதும் 'குஜோ ஷி, ஹசிமன் சோ' என்று அப்படியே வைத்தார்கள். மாகாணத்தை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள். இகேதா என்ற சிறுநகரம் நான்கு மாகாணங்களில் உண்டு, ஹொக்கைதோவில் நகாகாவா குன்னே இரண்டு உண்டு. நாகானோவின் யமாகுசி கிராமம் 2005-இல் மாகாணமே மாறி கிஃபுவின் நகட்சுகாவாவுக்குப் போனது, மாகோமே அஞ்சல் சாவடி இருக்கும் ஊர் அது.

ஆவணம் நிலப் பதிவேடு என்றால் பழைய ஊர்ப் பெயர் இருந்தாலும் கவலை வேண்டாம், இணைப்பால் வந்த பெயர் மாற்றம் தானாகவே மாறியதாகக் கொள்ளப்படும். குடும்பப் பதிவேடு என்றால் பழைய கிராமத்தின் ஏடுகள் தகயாமா நகர அலுவலகத்தில் இருக்கும். நீக்கப்பட்ட பதிவுகளை 150 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி, நகல் பெரும்பாலும் நேர்வழி உறவினருக்கே கிடைக்கும். 1950-களுக்கு முந்திய முகவரி என்றால் ஷோவா இணைப்புக்கு, அதாவது 1953-இல் தொடங்கிய இரண்டாவது அலைக்கு, முன்பிருந்த கிராமத்தின் பெயராக இருக்கலாம். அப்போது இன்றைய பட்டியலில் தேடாமல், அந்த ஆண்டின் 1:50,000 நில அளவை வரைபடத்தை எடுங்கள். பழைய பதிப்புகளின் நகலை ஜப்பானிய நில அளவை நிறுவனத்திடம் விண்ணப்பித்து வாங்கலாம். விண்ணப்பிக்கும் முன் வரைபடத் தாளின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.